எந்தப் போனோ, அந்த வீடு

போன வாரம் லைனம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் அல்லவா? அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய சனிக்கிழமை விடிந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வருகிற அழைப்பையெல்லாம் வார்டுக்கும் டாக்டருக்கும் இணைத்துக் கொடுத்தே தலை நரைத்தவள் இவள். லைனம்மா என்று பெயர் வைத்தவர்கள் அங்கிருந்த நர்சுகள். அவள் ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

புருஷன் தவறிப்போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைக்கப் போகிறேன் என்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மா இனி யாரோடு இருப்பது என்று பேச்சு எழுந்ததும், சொந்தக்காரர்கள் கூடியிருந்த அறையில் பெரியவனும் சின்னவளும் மல்லுக்கு நின்றார்கள்.

"என்கூடத்தான் வரணும்" என்றான் பெரியவன். "பொண்ணு நான் இருக்கும்போது அம்மா ஏன் அங்க போகணும்?" என்றாள் சின்னவள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

லைனம்மாவுக்குத்தான் திண்டாட்டம். ஒரு பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அப்போதுதான் அந்த அசட்டு யோசனை வந்தது.

அவள் கையிலிருந்த போனுக்கும் அதே மாதக் கடைசிதான் கெடு. பழைய நெட்வொர்க்கை மூடப்போகிறார்களாம்; புதியதை அந்தப் போன் ஏற்காதாம். "எப்படியும் வேற போன் வாங்கணும்" என்றாள். "பெரியவன் வச்சிருக்கறது ஆப்பிள், சின்னவ வச்சிருக்கறது ஆண்ட்ராய்டு. எந்த மாதிரி போன் வாங்கறேனோ அந்த வீட்டுக்கு வந்துடறேன். யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் அதை மறக்கவில்லை.

அசட்டு யோசனையானாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரே மாதிரி போன் இருந்தால்தான் தூரத்திலிருந்து சொல்லிக் கொடுக்க முடியும். 'கீழே ஒரு அம்புக்குறி இருக்கு பாரு, அதைத் தொடு' என்றால், அந்த அம்புக்குறி சொல்கிறவர் கையிலும் இருக்க வேண்டுமே! யார் சொல்லிக் கொடுக்கப்போகிறார்களோ அவர்கள் தலையில்தான் அம்மா. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை லைனம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு பழைய போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்கக் கலர் கலராகச் சதுரங்கள். சந்தைக்கு வந்த புதிதில் அவள் புருஷன் ஜோடியாக இரண்டு வாங்கி வந்தார். ஆப்பிளும் இல்லாமல் ஆண்ட்ராய்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு கம்பெனி இறக்கிய வகை. ஊரில் ஒருவர் கையிலும் அது இல்லை. கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பெனியே கையை உதறிவிட்டது. பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"நீங்க ரெண்டு பேர் வச்சிருக்கீங்கப்பா, உலகத்துலயே!" என்றான் பெரியவன்.

"ரெண்டு பேர் போதுமேடா. எனக்குச் சந்தேகம்னா அவ, அவளுக்குச் சந்தேகம்னா நான்" என்றார் அவர்.

உண்மையில் சந்தேகம் எல்லாம் லைனம்மாவுக்குத்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை லைனையும் விரல் நுனியில் வைத்திருந்தவள், கையிலுள்ள ஒரு போனிடம் தோற்றுப்போவாள். போன் ஏதாவது கேட்டால் அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுப்பாள்: "என்னங்க, இது என்னமோ கேக்குதுங்க!" அவரும் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வருவார். அவர் போன பிறகும் போன் அவ்வப்போது ஏதாவது கேட்கத்தான் செய்கிறது. லைனம்மா வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் வருகிற அழுகை, சாவு வீட்டில்கூட வந்ததில்லை.

வாசலில் கார் சத்தம் கேட்டது. பெரியவன் உள்ளே வந்ததும் வராததுமாக, "கண்ணாடி எடுத்துக்கிட்டியா? மாத்திரை போட்டியா?" என்றான். மேசைமேல் அவள் மறந்திருந்த கண்ணாடியை அவனே எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே பொறுப்பு.

"தங்கச்சி?" என்றாள் லைனம்மா.

"நேரா கடைக்கு வந்துடறாளாம்."

"அவ எப்பவும் நேராவே வந்துடறா. ஒரு நாளாவது மாப்பிள்ளை வண்டியில கொண்டுவந்து விடறாரா பாரு."

"அவருக்கு வேலை இருக்கும்மா" என்றான் பெரியவன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

அவன் மனைவியின் அம்மா படுத்த படுக்கையாக அவன் வீட்டில்தான் இருக்கிறாள். இருக்கிற அறைகளோ எண்ணி எடுக்கிற மாதிரி. அதையெல்லாம் அவன் வாய் திறந்து சொன்னதில்லை. லைனம்மாவும் கேட்டதில்லை. எங்கேயாவது ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

கடை கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நீள மேசைகளில் ஆப்பிள் போன்கள் மட்டும், இடைவெளி விட்டு விட்டு, தொட்டால் கோபித்துக்கொள்ளும்போல. எதிர்ப்பக்கம் ஆண்ட்ராய்டு. பத்துக் கம்பெனி, நூறு மாடல், ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு. நடுவில் நின்ற லைனம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சின்னவள் ஏற்கெனவே வந்திருந்தாள். இளைத்திருந்தாள். தோளில், நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற அவள் வேலைக்கான கனத்த பை. "என்னடி இது, சட்டை தோள்லேர்ந்து வழியுது?" என்றதற்கு, "நாள் முழுக்க மத்தவங்களை நடக்க வச்சா நமக்கு உடம்பு தங்குமாம்மா?" என்று சிரித்தாள்.

கடைப் பெண் ஒருத்தி வந்தாள். பல்லுக்குக் கம்பி போட்ட, கலகலப்பான பெண். லைனம்மாவின் பழைய போனை வாங்கிப் பார்த்து, "ஐயோ, இது இன்னும் உயிரோட இருக்கா!" என்று ஆச்சரியப்பட்டாள். சொன்ன பிறகு மூன்று பேர் முகத்தையும் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம் போகலாம்?"

பெரியவன் முந்திக்கொண்டான். "அம்மா, மனசுல பட்டதைச் சொல்றேன். உனக்கு ஆண்ட்ராய்டுதான் சரி."

லைனம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் கையில் அவனுடைய ஆப்பிள் போன் மின்னிக்கொண்டிருந்தது.

"பின்னாடி போறதுக்கு ஒரு பட்டன் வச்சுக்கலாம். பழைய போன் மாதிரியே இருக்கும். தமிழ்ல எழுதலாம், தமிழ்ல பேசலாம். என்னோடது உனக்குச் சரிப்படாதும்மா. எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு கேட்டு உசுரை வாங்கும்."

"இல்லம்மா" என்று குறுக்கே வந்தாள் சின்னவள். "அண்ணன் வச்சிருக்கறதுதான் உனக்குப் பாதுகாப்பு. கண்ட கண்ட ஆளுங்க லிங்க் அனுப்பி ஏமாத்தறாங்க. நம்ம போன்ல குப்பை குப்பையா விளம்பரம் வரும், நீ எதையாவது தொட்டுத் தொலைப்பே. அதுவும் இல்லாம அண்ணன் பசங்க எல்லாம் அதுலதானே உன்கிட்ட முகம் பாத்துப் பேசுவாங்க?"

"பசங்க எதுல வேணும்னாலும் பேசுவாங்க."

"அப்டேட் வருஷக்கணக்கா வரும்ணா. ஆண்ட்ராய்டுல சீக்கிரம் நிறுத்திடுவாங்க. திரும்பவும் அப்பா போன் கதைதான்."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப அதுலயும் வருது."

கடைப் பெண் வாயைப் பிளந்தாள். "என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததே இல்லம்மா. எல்லாரும் அவங்கவங்க போனைத்தான் தலையில தூக்கி வச்சுக்குவாங்க. இங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விட்டுக் குடுக்கறாங்களே!"

லைனம்மாவும் முதலில் அப்படித்தான் பூரித்துப்போனாள். அண்ணனுக்காகத் தங்கை, தங்கைக்காக அண்ணன். 'இதைப் பார்க்க அவர் இல்லாமல் போனாரே' என்று ஒரு நிமிஷம் உருகினாள்.

ஒரு நிமிஷம்தான். பிறகு காது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

போர்டில் உட்கார்ந்த காலத்தில், அறைக்குள்ளேயே இருந்துகொண்டு 'நான் ரவுண்ட்ஸ் போயிருக்கேன்னு சொல்லிடுங்க' என்று எத்தனையோ டாக்டர்கள் அவளிடம் குழைந்திருக்கிறார்கள். வேண்டாத அழைப்பை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிறவர்கள் ஒருபோதும் சிடுசிடுக்க மாட்டார்கள். தேன் ஒழுகப் பேசுவார்கள். 'அவர்தாங்க இதுக்குச் சரியான ஆளு, என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்' என்பார்கள்.

அதே தேன்தான் இப்போது அவள் பிள்ளைகள் குரலில் ஒழுகியது.

போன வாரம் ஊர் பார்க்க மல்லுக்கு நின்றவர்கள் இவர்கள்தானா? அவன் தங்கை தலையில் கட்டப் பார்க்கிறான். அவள் அண்ணன் தலையில் கட்டப் பார்க்கிறாள். வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. பெற்றவள்தானே அந்த வழியைத் திறந்துவிட்டாள், எந்தப் போனோ அந்த வீடு என்று?

கோபம்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூப்பிடாத வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கிற மாதிரி ஒரு வெட்கம்.

'இரண்டும் வேண்டாம், பட்டன் போன் ஒன்று கொடு' என்று கடைப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தாள். தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டால் போயிற்று. இத்தனை காலம் சம்பாதித்தவள்தானே.

அந்த நேரம் பார்த்துப் பெரியவனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "இதோ வந்துடறேன்" என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். சின்னவள் ஆப்பிள் மேசைக்குப் போய், எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு போனோடு போராடிக்கொண்டிருந்தாள்.

கடைப் பெண் சளைக்கவில்லை. "அம்மா, அண்ணன் சொன்னாரே தமிழ்ல பேசலாம்னு, அதை ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கடைப் போன்ல சிம் இல்ல. அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன்!"

சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பூட்டைத் திறந்து போனை நீட்டினாள்.

"ஏதாவது கேளுங்கம்மா. வழி கேளுங்க. 'வீட்டுக்கு வழி சொல்லு'ன்னு சொல்லுங்க, உங்க பொண்ணு வீட்டுக்கு இங்கேருந்து எப்படிப் போகணும்னு சொல்லிடும் பாருங்க."

லைனம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வீட்டுக்கு வழி சொல்லு."

சின்னவள் வீடு அவளுக்குத் தெரியாததா? ஊரின் அந்தக் கோடி. இரண்டு பஸ் மாற வேண்டும். வாசலில் பச்சைக் கேட்டு.

போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு தெளிவான பெண் குரலில் சொன்னது: "வீடு. பணிபுரியும் மகளிர் விடுதி, பழைய ரயில்வே கேட் அருகில். நடந்து செல்லும் தூரம்."

ஆப்பிள் மேசையில் சின்னவள் கை அப்படியே நின்றது.

"இது என்னம்மா சொல்லுது?" என்றாள் லைனம்மா கடைப் பெண்ணைப் பார்த்து. "தப்பாச் சொல்லுதா?"

"தப்பா இருக்காதும்மா. ராத்திரி எல்லாம் போன் எங்க இருக்குன்னு அதுவே கவனிச்சுக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு, 'இதுதான் உங்க வீடா?'ன்னு கேக்கும். நாம ஆமான்னு ஒரு தட்டு தட்டினாப் போதும். அப்புறம் மறக்கவே மறக்காது." தன் சாமான் நன்றாக வேலை செய்ததில் அந்தப் பெண்ணுக்கு ஏகப்பட்ட பெருமை.

சின்னவள் ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டாள். "அது... கூட வேலை செய்யற பொண்ணு இருக்கா, அவளுக்காக வழி பாத்தேன். அதையே தப்பா..." என்று மென்று முழுங்கினாள். பொய் சொல்ல அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. காது மடல் சிவந்துவிடும். இப்போதும் சிவந்திருந்தது.

லைனம்மா அந்தக் காதையே பார்த்தாள். இதுதான் உங்கள் வீடா என்று ஒரு போன் கேட்டிருக்கிறது. தன் பெண் தனியாக உட்கார்ந்து, ஆமாம் என்று தட்டியிருக்கிறாள்.

அண்ணன் போனை இவள் ஏன் அப்படித் தூக்கிப் பிடித்தாள் என்பது இப்போது விளங்கியது. அம்மா வேண்டாம் என்று அவள் தள்ளவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு ஒரு வீடே இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. பெரியவன் போனைப் பையில் போட்டுக்கொண்டே வந்தான். "என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?"

சின்னவள் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். சொல்லிவிடாதே என்கிற பிடி.

"பண்ணிட்டேன்" என்றாள் லைனம்மா. "ஆண்ட்ராய்டு."

"அம்மா, வேண்டாம்மா" என்று கிட்டத்தட்ட அலறிவிட்டாள் சின்னவள். "யோசிச்சுச் சொல்லு. அண்ணன் வீட்டுல உனக்கு..."

"யோசிச்சுத்தான் சொல்றேன். சின்னவ போன் மாதிரியே ஒண்ணு குடும்மா."

பெரியவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் பார்த்துவிட்டாள். இத்தனை மாதமாக இறுகிக் கிடந்த அந்த முகம் தளர்ந்துபோனது. பல் வலி நின்றவனைப்போல ஒரு பெரிய மூச்சு விட்டான். அது தெரிந்துவிட்டதோ என்று உடனே குனிந்துகொண்டான். "நல்ல முடிவும்மா" என்றான் அவசரமாக. தானே பணம் கட்டினான். வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், விலை உயர்ந்த உறை ஒன்றும், உடையாமலிருக்கத் திரைக்குக் கண்ணாடியும் போடச் சொன்னான்.

பிள்ளையின் நிம்மதிக்குத் தாய் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். லைனம்மாவால் முடியவில்லை. அவனை அவள் வெறுக்கவும் இல்லை. படுக்கையில் கிடக்கிற மாமியாரைத் தூக்கி உட்காரவைத்து, ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவன். அவனுக்கு இன்னொரு பாரம் தாங்காது. எல்லாம் நியாயம்தான். நியாயம் தெரிந்தால் வலிக்காமல் போகுமா என்ன?

கார் கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல் நின்றான் அவன். "ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பாத்துடுவேன்மா."

"வா."

"தப்பா எடுத்துக்கலையே?"

"எதைடா?"

அவன் அவள் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு, "வீட்டுல இறக்கி விடட்டுமா?" என்றான்.

"வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் காலாற நடந்துட்டுப் போறோம்."

கார் திருப்பத்தில் மறைகிற வரை லைனம்மா நின்றாள். பிறகு பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"நட. உன் வீட்டைப் பாக்கணும்."

"அம்மா..."

"நடந்து போற தூரம்தானாமே. அதுவே சொல்லுது."

தள்ளுவண்டிகளையும் சைக்கிள்களையும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். சின்னவள் அழுதுகொண்டே வந்தாள். முகத்தைத் துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

விடுதி மூன்று மாடி. கொடியில் துணிகள், படிக்கட்டில் ஃபினாயில் வாசனை. வாசலில் இருந்த வார்டன் நிமிர்ந்து பார்த்து, "அம்மாவா? முகத்துலயே தெரியுதே" என்று உள்ளே விட்டாள்.

இரண்டாவது மாடியில் ஒடுங்கிய ஓர் அறை. இரும்புக் கட்டில். சுவரில் ஒரு அலமாரி, ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மின் அடுப்பின்மேல் ஒரு பாத்திரம், கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தம்ளர். லைனம்மா கண்ணில் பட்டதெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.

கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். சின்னவள் வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"மாப்பிள்ளை அடிச்சாரா?"

"இல்லம்மா. அவர் மேல ஒரு தப்பும் சொல்ல முடியாது."

"அப்புறம் என்னடி?"

"என்கிட்ட இப்பக் கேக்காதம்மா. சொல்றேன். கொஞ்ச நாள் குடு."

லைனம்மா அவள் தலையைக் கோதிவிட்டாள். அவசரமில்லை. வாங்கிய போன் பெட்டியோடு மடியில் இருந்தது. "உன் போன் மாதிரி வாங்கியாச்சு. சொன்ன வார்த்தையை மாத்த மாட்டேன், உன்கூடத்தான் இருப்பேன். நாளைக்கே வீடு தேடலாம். ரெண்டு பேருக்கு எவ்வளவு இடம் வேணும்? சமைக்க ஒரு மூலை, படுக்க ஒரு அறை, போதாதா?"

சின்னவள் விம்மினாள். "உன்னை வேண்டாம்னு தள்ளறேன்னு நினைச்சியாம்மா, கடையில?"

"நினைச்சேன்" என்றாள் லைனம்மா. மறைத்து என்ன ஆகப்போகிறது? "கொஞ்ச நேரம் செத்துட்டேன்னுதான் வச்சுக்கோயேன்."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார்கள். அழுது முடிந்த பிறகு மனசு லேசானது போல இருந்தது. லைனம்மா மூக்கைச் சிந்திவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து இங்க?"

"அப்பா போறதுக்கு முன்னாடியேம்மா."

"முன்னாடியேவா? அப்ப, அப்பா போன அன்னிக்கு மாப்பிள்ளை வந்து உன் பக்கத்துல நின்னாரே?"

"நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் வந்து நில்லுங்கன்னு. வந்தார், பாவம்."

லைனம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி. இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டா அன்னிக்கு எனக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு நின்னே? உங்கப்பாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பொண்ணு நல்லா இருக்கான்னே நினைச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரே, அந்த மனுஷன்!"

சின்னவள் அம்மாவின் தோளில் இருந்த தலையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"அப்பாவுக்குத் தெரியும்மா."

லைனம்மாவுக்கு முதலில் அது மண்டைக்குள் இறங்கவில்லை.

"இந்த ரூமைப் பாத்துப் பிடிச்சதே அப்பாதான். வார்டன்கிட்ட வந்து பேசினது, இந்தக் கட்டிலைத் தள்ளிப் போட்டுக் குடுத்தது எல்லாம் அவர்தான். வாரா வாரம் வந்து பாப்பார். அம்மாகிட்டச் சொல்லிடலாம்ப்பான்னு நான் அழுதேன். 'நீ வாயைத் திறக்காதே, நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்'னார்."

"என்கிட்டயா?"

"ம்."

"என்கிட்ட ஏன்டி மறைச்சார்?"

"தெரியலம்மா. அதை மட்டும் அப்பா சொல்லவே இல்ல."

ஒரு வாய் டீயைக்கூட அவளிடம் சொல்லாமல் வெளியே குடித்ததில்லை என்று லைனம்மா யாரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாளோ, அவர் இந்தப் படிக்கட்டில் வாரா வாரம் ஏறி இறங்கியிருக்கிறார். ராத்திரி வந்து அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். பெண்ணின் துக்கத்தைத் தாங்கமாட்டாள் என்று நினைத்தாரா? இல்லை, வேறு ஏதாவதா? சண்டை போட்டுக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அழலாம் என்றால், யாருக்காக அழுவது என்று தெரியவில்லை.

"இங்க வந்தா எங்க உக்காருவார்?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

சின்னவள் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள். "அதுல போய் உக்காரும்மா. காத்து வரும்."

லைனம்மா கட்டிலை விட்டு எழுந்து, அந்த நாற்காலி வரைக்கும் போனாள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அன்று அதில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை.